உஷார்! நாய்க்குப் போடும் அந்தப் பொடியில் உயிர் இருக்கிறதா?

போன மே மாதக் கடைசி. கத்திரி எப்போது முடியும் என்று திருச்சியே நாள் எண்ணிக்கொண்டிருந்த நேரம். எங்கள் வீட்டுப் பொன்னிக்கு வயிறு கெட்டுவிட்டது. பொன்னி நாட்டு நாய், நாலு வயது. தெருவில் எது கிடந்தாலும் ஒரு வாய் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். முதல் நாள் தண்ணீராகப் போனபோது நான் பதறவில்லை. நவம்பர் மழையில் இதே தொல்லை வந்தபோது வாங்கிய ப்ரோபயாடிக் பாக்கெட்டுகள் ஏழெட்டு மீதம் இருந்தன. ‘ஒரு பாக்கெட்டில் 500 கோடி நல்ல பாக்டீரியா’ என்று பெட்டியில் கொட்டை எழுத்து. காலாவதி தேதியும் தாண்டவில்லை. ஆவி பறக்கும் சோற்றில் கோழி வேகவைத்த தண்ணீரை ஊற்றி, பொடியைத் தூவி, மசித்து வைத்தேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் காலையில் பொன்னி வாலை மட்டும் ஆட்டினாள். எழுந்திருக்கவில்லை.

டிரிப் ஏறிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா அந்தப் பாக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எங்க இருந்துச்சு சார்?”

“ஃப்ரிட்ஜ் மேல மேடம்.”

“உள்ளயா, மேலயா?”

“மேல. கைக்கு எட்டுற மாதிரி இருக்கட்டும்னு.”

“எத்தனை மாசமா?”

“ஏழு மாசம் இருக்கும்.”

“சோறு சூடா இருந்துச்சா?”

“கொஞ்சம் சூடாத்தான்…”

“அப்ப மூணு நாளா நீங்க மருந்து கொடுக்கல சார். மாவு கொடுத்திருக்கீங்க.”

குத்தலாகச் சொல்லவில்லை. இப்படி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன குரல் அது. அந்த ஒரு வார்த்தைதான் என்னைப் படிக்க வைத்தது. படித்ததைச் சொல்வதற்கு முன் ஒரு வேண்டுகோள்: இப்போதே எழுந்து போய் உங்கள் வீட்டுப் பாக்கெட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஃப்ரிட்ஜ் மேலேயா, அடுப்புக்கு மேல் அலமாரியிலா, ஜன்னல் திட்டிலா, காரின் டாஷ்போர்டிலா? அப்படியானால் அதைக் கையில் வைத்துக்கொண்டே மீதியைப் படியுங்கள்.

ப்ரோபயாடிக் என்றால் என்ன என்பதை 2001-ல் அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரில் கூடிய நிபுணர் குழு வரையறுத்தது. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் கூட்டிய குழு அது. உயிரோடு இருக்க வேண்டும், போதுமான அளவில் போய்ச் சேர வேண்டும், அப்படிச் சேர்ந்தால் உடலுக்கு நன்மை செய்ய வேண்டும். முதல் இரண்டும் இல்லையென்றால் மூன்றாவதைப் பற்றிப் பேச்சே இல்லை. பாராசிட்டமால் மாத்திரைக்கு இந்தக் கவலை கிடையாது; அது உயிரற்ற ரசாயனம். இது அப்படியல்ல. நம் வீட்டில் இதற்கு மிக நெருங்கிய சொந்தம் உறைமோர்தான். கொதிக்கிற பாலில் எந்த அம்மாவாவது உறை ஊற்றுவாரா? விரலை விட்டுப் பார்த்து, இளஞ்சூடுதானா என்று நிச்சயம் செய்த பிறகுதான் ஒரு துளி விடுவார். பாலுக்குக் காட்டும் அந்தக் கவனத்தை நாய்த் தட்டுக்கு நான் காட்டவில்லை.

*

முதல் சாவு வழியிலேயே நடக்கிறது. வயிற்றுக்குப் போவதற்கு எவ்வளவோ முன்னால்.

பாக்கெட்டுக்குள் இருப்பவை தூங்கும் பாக்டீரியா. திரவத்தில் வளர்த்தெடுத்த நுண்ணுயிர்களை உறையவைத்து, பிறகு வெற்றிடத்தில் அந்தப் பனி நீராக உருகாமலே ஆவியாகிப் போகும்படி உலர்த்துகிறார்கள். ஈரம் போனதும் உயிரின் வேலைகள் எல்லாம் நின்றுவிடும். சாகவில்லை, ஆனால் வாழவும் இல்லை. நன்றாகக் காயவைத்துக் குதிரில் கொட்டிய விதைநெல் அடுத்த பட்டம் வரை கிடக்கிறதே, அந்த நிலை. குதிரில் ஒழுகல் விழுந்தால் என்ன ஆகும் என்பது விவசாயிக்குத் தெரியும். நெல் முளைக்கப் பார்க்கும், மண் இருக்காது, ஊசிப்போகும். பொடிக்கும் அதே கதி. லேசான ஈரம் பட்டதும் விழித்துக்கொள்ளும், தின்ன எதுவும் இருக்காது, செத்துவிடும்.

எவ்வளவு ஈரம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பொடியில் நுண்ணுயிரின் கைக்கு எட்டும் ஈரத்தை 0 முதல் 1 வரை அளக்கிறார்கள்; ‘நீர்ச் செயல்பாடு’ என்று பெயர். 0.2 அளவிலோ அதற்குக் கீழோ வைத்திருந்தால் பொடி நெடுநாள் தூங்கும். இனி சென்னைக்கோ நாகப்பட்டினத்துக்கோ வாருங்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் உள்ள நாளில் திறந்துகிடக்கும் டப்பா கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் காற்றோடு ஒத்துப்போகும். ஒத்துப்போய் முடிந்தால் அளவு 0.75. மூடியைச் சரியாகத் திருகாமல் விடும் ஒவ்வொரு இரவும் அந்தப் பக்கம் ஓர் அடி. கழுவிய கையோடு, ஈரக் கரண்டியோடு உள்ளே விடுவதைச் சொல்லவே வேண்டாம்.

‘குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்’ என்று பெட்டியில் போட்டிருக்கும். மே மாதத் தமிழ்நாட்டில் அந்த இடம் எங்கே என்று பெட்டி சொல்லாது. பெரும்பாலான பொருள்களில் பொடி எழுத்தில் ‘25 டிகிரிக்குக் கீழே’ என்று இருக்கும். ஏ.சி. ஓடாத நம் வீட்டுக் கூடம் நடு இரவில்கூட 30-ஐத் தாண்டி நிற்கும். ஃப்ரிட்ஜின் தலை அதைவிட மோசம். உள்ளே குளிர வேண்டுமானால் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளியாக வேண்டும். அந்தச் சூடு பின்பக்கமாக மேலே ஏறி, நான் பாக்கெட்டுகளை வைத்திருந்த அதே இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஏழு மாதம் நான் அவற்றை அவியவிட்டிருக்கிறேன்.

இதில் இருக்கும் கணக்கு மனதில் சட்டென்று ஏறாது. பாக்டீரியா ஒரே நாளில் மொத்தமாகச் சாவதில்லை, பங்கு பங்காகச் சாகும். ஒரு பேச்சுக்கு, சூட்டில் மாதத்துக்குப் பாதி சாகிறது என்று வையுங்கள். 500 கோடி முதல் மாதத்தில் 250 ஆகும், அடுத்ததில் 125. ஏழாம் மாதம் முடியும்போது நாலு கோடிகூடத் தேறாது. பெட்டியில் மட்டும் 500 கோடி என்ற எழுத்து அழியாமல் அப்படியே இருக்கும். பொடியின் நிறம் மாறாது, வாசனை மாறாது. கெட்டுப்போன பால் திரிந்து காட்டிக்கொடுக்கும், இது காட்டிக்கொடுக்காது. பயப்பட வேண்டிய இடம் அதுதான்.

(‘பொடியைப் பாலில் போட்டுப் பாருங்கள், தயிரானால் உயிர் இருக்கிறது’ என்று ஒரு வைத்தியம் உலவுகிறது. ஏமாறாதீர்கள். இந்த ஊர் வெயிலில் பால் எதுவும் போடாமலே திரியும். உயிரோடு இருக்கும் சில நல்ல வகைகள் பாலைத் தயிராக்கவே செய்யாது.)

ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டால் கவலை தீர்ந்ததா என்றால், பாதிதான். கதவுத் தட்டில் வைக்காதீர்கள். திறந்து மூடும்போதெல்லாம் சூடு படுவது அங்கேதான். நடுத்தட்டின் உள்பக்கம் நல்லது. பெரிய டப்பா வாங்கித் தினம் வெளியே எடுத்து, ஜில்லென்று இருக்கும்போதே திறந்தால், டம்ளர் வியர்ப்பது போல் டப்பாவின் உள்ளும் வியர்க்கும். அந்த வியர்வை நேராகப் பொடியில் இறங்கும். அதனால்தான் ஒரு வேளைக்கு ஒரு பாக்கெட் என்று தனித்தனியாக ஒட்டி வருவது நம் ஊருக்கு உகந்தது. டப்பாதான் கிடைக்கும் என்றால் சிறியதாக வாங்குங்கள், மூடியபடியே வெளியே வைத்து ஜில்லிப்பு போன பிறகு திறங்கள், எடுத்த கையோடு மூடுங்கள். திரவமாக வருவதை ஃப்ரீசரில் தள்ளாதீர்கள்.

வாங்கும்போதே பாதி உயிர் போயிருக்கவும் வாய்ப்புண்டு. ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லும் பொருளை நாம் ஆன்லைனில் சொல்லி வைக்கிறோம். அது கிடங்கு, வேன், இன்னொரு கிடங்கு என்று வெயிலில் நாலு நாள் பயணம் செய்து, கடைசியில் டெலிவரி பையன் முதுகுப்பையில் நண்பகலில் வந்து சேர்கிறது. அதை வாங்கி பவ்யமாக ஃப்ரிட்ஜுக்குள் வைக்கிறோம். கடையில் வாங்கினாலும் அவர் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் தருகிறாரா, வெளி ஷெல்ஃபிலிருந்தா என்று பாருங்கள். ராத்திரி மெயினை அணைத்துவிட்டுப் பூட்டும் கடைகளும் உண்டு. கேட்பதில் வெட்கம் வேண்டாம். வாங்கியதை ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கி அடுப்புக்குச் சமம்.

*

லேபிளை நம்பலாமா? கனடாவின் குவெல்ஃப் நகரில் உள்ள ஒன்டாரியோ கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஸ்காட் வீஸ் என்பவர் இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டார். ‘ப்ரோபயாடிக் கலந்தது’ என்று விற்ற 19 நாய், பூனை உணவுகளைச் சோதித்து 2003-ல் முடிவை வெளியிட்டார். லேபிளில் சொன்ன அத்தனை நுண்ணுயிர்களும் இருந்த பொருள் ஒன்றுகூட இல்லை. ஐந்தில் சொல்லிக்கொள்ளும்படி எதுவுமே வளரவில்லை. 2011-ல் விலங்குகளுக்கென்று விற்கும் 25 ப்ரோபயாடிக் பொருள்களைப் பார்த்தார்கள். எண்ணிக்கையை ஒப்பிட முடிந்தவை 15; அதில் லேபிள் சொன்ன அளவுக்காவது உயிர் இருந்தவை நாலே நாலு.

உலர் உணவில் ஏன் இப்படி ஆகிறது என்பது அதைச் செய்யும் விதத்தைப் பார்த்தால் புரியும். மாவுக் கலவையை 100 டிகிரிக்கும் மேலான சூட்டில், அழுத்தத்தில், முறுக்குப் பிழிவது போல் பிழிந்து பொரிய வைக்கிறார்கள். அந்தச் சூட்டில் சாதாரண பாக்டீரியா எதுவும் பிழைக்காது. பிறகு கொழுப்போடு கலந்து மேலே தெளிக்கலாம்தான். ஆனால் 15 கிலோ மூட்டையைத் திறந்து, வாயை ரப்பர் பேண்டால் கட்டி, இரண்டு மாதம் பால்கனியில் வைத்துப் போடுகிறோம். ‘ப்ரோபயாடிக் கலந்த உணவுதானே போடுகிறேன், தனியாக எதற்கு’ என்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

லேபிளில் ஒரே ஒரு வரியைத் தேடச் சொன்னால் நான் இதைத் தேடச் சொல்வேன்: அந்தக் கோடிக்கணக்கு ‘தயாரித்தபோது’ இருந்ததா, ‘காலாவதி நாள் வரை’ இருக்கும் என்ற உறுதியா? இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். முதலாவது, ஆலையின் வாசலில் எண்ணிய எண்ணிக்கை. இரண்டாவதாகச் சொல்கிறவர், வழியில் சாகப்போவதைக் கணக்கிட்டு முன்கூட்டியே கூடுதலாகப் போட்டிருக்க வேண்டும். அடுத்து, பெயர். ‘லாக்டோபேசில்லஸ்’ என்று மொட்டையாகப் போட்டிருந்தால் அது ‘தமிழ்நாட்டில் ஒரு முருகன்’ என்று விலாசம் சொல்வது மாதிரி. எந்த இனம், அதில் எந்த ரகம் என்று எண்ணோடு இருக்க வேண்டும். நாய்களுக்குப் பல காலமாகப் பயன்படும் என்டரோகாக்கஸ் ஃபேசியத்தின் ‘எஸ்.எஃப்.68’ அப்படி ரக எண்ணோடு வருவது.

*

இவ்வளவையும் தாண்டி உயிரோடு தட்டுக்கு வந்தால், அடுத்தது நாயின் வயிறு. எலும்பைக் கரைக்கிற வயிறு. அமிலம் நன்றாகச் சுரக்கும்போது பி.எச். அளவு 2-க்குக் கீழே இறங்கும். எலுமிச்சைச் சாறு அந்த ரகம். குப்பைத்தொட்டி மீனைத் தின்றுவிட்டும் பொன்னி பல நாள் ஜாலியாகத் திரிந்தது இந்த அமிலத்தின் தயவில்தான். கெட்ட கிருமியை வாசலிலேயே அடித்துப் போடும் காவல்காரன் அது. ஆனால் விருந்தாளி யார், திருடன் யார் என்று அதற்குத் தெரியாது. வயிற்றைத் தாண்டினால் சிறுகுடலில் பித்தநீர். கொழுப்பைக் கரைக்க வரும் பித்த உப்புகள் சோப்புத் தண்ணீர் போல் வேலை செய்து பாக்டீரியாவின் கொழுப்புச் சவ்வையும் கரைக்கப் பார்க்கும். இரண்டையும் கடந்து குடலில் இறங்கினால்தான் வேலை ஆரம்பம்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. 1900-களின் தொடக்கத்தில் மெச்னிக்கோவ் என்ற விஞ்ஞானி பல்கேரியப் புளித்த பாலை ஆயுளைக் கூட்டும் மருந்தாகப் பேசியபோது ஐரோப்பாவே அதைக் குடித்தது. 1920-களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரெட்கர் என்பவரும் அவருடைய குழுவும் அந்தப் பாக்டீரியா மனிதக் குடலில் நிலைக்கவில்லை என்று காட்டினார்கள். அன்றிலிருந்து ‘வயிற்றைக் கடந்து போகுமா?’ என்பதுதான் இந்தத் துறையின் முதல் கேள்வி.

அதற்குக் கண்டுபிடித்த கவசங்களில் ஒன்று நம் கடற்கரையோடு சம்பந்தப்பட்டது. மன்னார் வளைகுடாவில், ராமநாதபுரம் கரையோரம் கட்டக்கோரை என்று மீனவர்கள் சொல்லும் பழுப்புப் பாசி வளர்கிறது. அந்த வகைப் பாசிகளிலிருந்து எடுப்பது அல்ஜினேட். அதைத் தண்ணீரில் கரைத்து, பாக்டீரியாவைக் கலந்து, கால்சியம் உப்புக் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால், விழுந்த நொடியில் ஒவ்வொரு சொட்டும் ஜவ்வரிசி போல் குட்டி முத்தாக இறுகும். பாக்டீரியா உள்ளே மாட்டிக்கொள்ளும். வயிற்று அமிலத்தில் அந்த முத்து சுருங்கி இன்னும் இறுகும். குடலின் அமிலமில்லாத சூழலுக்குப் போனதும் ஊதி, நெகிழ்ந்து, உள்ளே இருப்பதை வெளியே விடும். துளைகள் உள்ள வலை என்பதால் அமிலம் ஓரளவு உள்ளே கசியத்தான் செய்யும். அதற்காக மேலே இன்னொரு பூச்சு பூசுவார்கள். கொழுப்பால் பூசுவதும் உண்டு.

இவ்வளவு வேலை செய்து வரும் கவசத்தை நாம் என்ன செய்கிறோம்? மாத்திரை விழுங்க மாட்டேன் என்று நாய் துப்புகிறது. உடனே அம்மியில், இல்லையென்றால் இரண்டு கரண்டிக்கு நடுவில், நச்சென்று நசுக்கிப் பொடியாக்கிச் சோற்றில் கலக்கிறோம். குடலில் போய்க் கரையும்படி பூச்சுப் போட்ட மாத்திரையை நசுக்கினால் அந்தப் பூச்சுக்கு அர்த்தமே இல்லை. கொழுப்புப் பூச்சு போட்டதைச் சூட்டில் கலந்தால் பூச்சு உருகி ஓடும். பிரிக்கலாமா, நசுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கேப்ஸ்யூலைத் திறந்து தூவலாம் என்று தயாரிப்பாளரே சொல்லியிருந்தால் மட்டும் திறங்கள்.

பிறவியிலேயே கவசத்தோடு வருகிறவையும் உண்டு. பேசில்லஸ் வகைப் பாக்டீரியா நெருக்கடி வந்தால் கெட்டியான ஓட்டுக்குள் சுருண்டு ‘ஸ்போர்’ ஆகிவிடும். சூடு, ஈரம், அமிலம் மூன்றையும் மற்றவற்றைவிடப் பல மடங்கு தாங்கும். நம் ஊர் வெயிலுக்கும் கரன்ட் கட்டுக்கும் இவையே தோது என்பது என் கட்சி. எந்த நாய்க்கு எது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் ‘லாக்டோபேசில்லஸ் ஸ்போரோஜெனஸ்’ என்று ஒரு பெயர் காணக் கிடைக்கும். லாக்டோபேசில்லஸ் ஸ்போர் ஆகாது. அது பேசில்லஸ் கோயாகுலன்ஸின் தவறான பழைய பெயர். சரக்கு சரி, பெயர்தான் பிசகு. சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்பது பாக்டீரியாவே அல்ல, ஈஸ்ட். அதனால் ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. மற்ற பாக்டீரியா வகைகளை ஆன்டிபயாடிக்கோடு ஒரே வாயில் கொடுப்பது, உறைமோரை ஊற்றிவிட்டுப் பாலைக் கொதிக்க வைப்பது மாதிரி. இரண்டு மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

தட்டில் போடும்போது கவனிக்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. சோறு ஆறி, புறங்கையில் வைத்தால் சூடு தெரியாத பதத்துக்கு வந்த பிறகு பொடியைத் தூவுங்கள். முழுத் தட்டிலும் கலக்காமல் முதல் இரண்டு கவளத்தில் கலந்து கொடுத்தால், மிச்சம் வைத்தாலும் மருந்து உள்ளே போயிருக்கும். வெறும் வயிற்றில் கொடுப்பதைவிட உணவோடு கொடுப்பது பெரும்பாலும் மேல். உணவு அமிலத்தின் வேகத்தைக் கொஞ்சம் தணிக்கும்.

‘இதெல்லாம் எதற்கு, தயிர்சாதம் போட்டால் போதாதா’ என்று என் அத்தை கேட்டார். தயிர் நல்ல உணவு, ஒத்துக்கொள்ளும் நாய்க்குக் கொஞ்சம் போடலாம். ஆனால் வீட்டுத் தயிரில் எந்த ரகம், எத்தனை என்று யாருக்கும் தெரியாது; மருந்தின் இடத்தில் அதை வைக்க முடியாது. அதைவிட, நம் தயிர்சாதத்தில் என்னென்ன போடுகிறோம் என்று பாருங்கள். திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கக்கூடியது. பச்சடியின் வெங்காயம் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்; வதக்கினாலும் விஷம் போகாது. திராட்சையில் குற்றவாளியாகச் சந்தேகிக்கப்படும் டார்டாரிக் அமிலம் புளியிலும் ஏராளம். புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதான சம்பவங்கள் கால்நடை மருத்துவ இதழில் பதிவாகியிருக்கின்றன. புளியோதரை மிச்சத்தை நாய்க்குப் போடும் வழக்கத்தை எங்கள் வீட்டில் நிறுத்தி ஒரு வருஷம் ஆகப்போகிறது.

*

இனிமேல் சொல்வதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். செத்த பொடி நாயைக் கொல்லாது. இது கொல்லும்.

நாய் மருந்து கைவசம் இல்லை என்று குழந்தைகளுக்கு வாங்கிய ப்ரோபயாடிக் கம்மியையோ சப்பும் மாத்திரையையோ கொடுக்கிறோம். மனுஷனுக்கு நல்லதென்றால் நாய்க்கும் நல்லதுதானே! அதில் சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் என்ற இனிப்பு இருந்தால், நாய் உடல் அதைச் சர்க்கரை என்று நினைத்து இன்சுலினைக் கொட்டும். ரத்தச் சர்க்கரை தரைமட்டமாகும். மனித உடலில் இப்படி நடப்பதில்லை, அதனால்தான் நமக்குச் சந்தேகமே வருவதில்லை. ஒரு கிலோ உடல் எடைக்கு 0.1 கிராம் போனாலே சர்க்கரை சரியும் ஆபத்து, 0.5 கிராம் தாண்டினால் கல்லீரலே செயலிழக்கலாம். பத்து கிலோ நாய்க்கு ஒரு கிராம் போதும். வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு சில சமயம் அரை மணி நேரத்திலேயே வரும். சில சமயம் பல மணி நேரம் கழித்து வரும். லேபிளில் ‘இ 967’ என்றோ ‘பிர்ச் சர்க்கரை’ என்றோ இருந்தாலும் அது இதுதான். டப்பாவையே நாய் கடித்துத் தின்றுவிட்டால் அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். டப்பாவோடு டாக்டரிடம் ஓடுங்கள்.

டப்பாவில் கிடக்கும் சின்னப் பைகளையும் கவனியுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப்பை பொடியின் உயிர்க்காவல், தூக்கி எறியாதீர்கள். தவறி நாய் தின்றாலும் அதில் விஷம் இல்லை, பை குடலை அடைக்காமல் இருந்தால் சரி. ஆக்சிஜன் உறிஞ்சும் பை வேறு. அதில் இரும்புத்தூள் இருக்கும், நாய்க்கு இரும்பு நஞ்சேறும். பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். இரண்டுமே நாய் வாய்க்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

*

உயிருள்ள பொடியாகவே இருந்தாலும் அது எதைச் செய்யாது என்று தெரிந்திருக்க வேண்டும். நாய்களின் திடீர்க் கழிச்சலில் ப்ரோபயாடிக்கின் பலன் சிறியது என்றுதான் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அது துணைக்கு வரும் ஆள். தடுப்பூசி முடியாத குட்டி சோர்ந்து படுத்து, வாந்தியெடுத்து, கெட்ட வீச்சத்தோடு ரத்தமாகக் கழிந்தால் அது பார்வோவாக இருக்கலாம். 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய அந்த வைரஸ் குடலின் உள்சுவரையே உரித்துவிடும். வைத்தியம் இல்லாமல் விட்ட குட்டிகளில் பத்துக்கு ஒன்பது பிழைப்பதில்லை. சரியான நேரத்தில் டிரிப்பும் மருந்தும் கிடைத்தால் பெரும்பாலானவை பிழைக்கின்றன. அந்த ‘சரியான நேரம்’ மணிக்கணக்கில் ஓடுவது. ‘ரெண்டு நாள் பொடி கொடுத்துப் பார்ப்போம்’ என்று நாம் செலவழிப்பது அந்த மணிகளைத்தான்.

பெரிய நாய்க்கும் சில சோதனைகளை வீட்டிலேயே செய்யலாம். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். ஈறு காய்ந்து பிசுபிசுத்தாலோ, வெளிறியிருந்தாலோ, தோள்பட்டைத் தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டால் கூடாரம் போல் அப்படியே நின்றாலோ உடம்பில் நீர் வற்றிவிட்டது. குடித்த தண்ணீரையும் வாந்தியெடுத்தால், மலத்தில் ரத்தம் வந்தால், கூப்பிட்டும் எழவில்லையென்றால், பொடியைத் தேடாதீர்கள், ஆட்டோவைத் தேடுங்கள். பக்கத்தில் தனியார் கிளினிக் இல்லையென்றால் அரசு கால்நடை மருந்தகமோ, மாவட்டத் தலைநகரில் கால்நடை பன்முக மருத்துவமனையோ இருக்கும். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரிக் கல்லூரி மருத்துவமனை தெரியாமல் இருக்காது. எங்கே, எத்தனை மணி வரை என்று நாய் நன்றாக இருக்கும்போதே விசாரித்து, எண்ணை ஃபோனில் ஏற்றி வையுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு நாய் வாந்தியெடுக்கும்போது தேட ஆரம்பித்தால் கை நடுங்கும், எனக்கு நடுங்கியது.

பொன்னிக்கு மூன்று நாள் டிரிப் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் டாக்டரம்மாவின் மேஜையிலிருந்து தானாகக் குதித்து இறங்கினாள். இந்த முறை எழுதிக்கொடுத்தது ஆறே ஆறு பாக்கெட். “மீதி வைக்காதீங்க சார்,” என்றார். “மீதி இருந்தா அடுத்த தடவை என்கிட்ட வராம அதைத்தான் தேடுவீங்க.” வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜ் தலையில் கிடந்த பழைய பெட்டியை எடுத்துக் குப்பையில் போட்டேன். அட்டை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.